70 பவுண்டை 62 ஆகக் குறைத்தோம்: ஒரு வேட்டை வில்லைச் சரிபார்த்த கதை

காம்பவுண்ட் வில் வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது வேகத்தைத்தான். நொடிக்கு இத்தனை அடி, இத்தனை பவுண்டு, இந்த வருட மாடல். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. நவம்பர் மாதம், உறைநிலைக்குக் கீழே போய்விட்ட குளிர், உடம்பில் மூன்று அடுக்கு உடை, மரத்தில் கட்டிய பரணில் ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்து தோள் இறுகிப் போயிருக்கிறது. 20 கெஜத்தில் மான் வந்து நிற்கிறது. எழுந்திருக்காமல், வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்காமல், அப்படியே மெதுவாக நாணை இழுக்க முடியுமா? முடியாது என்றால் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே விஸ்கான்சினில் வில் வேட்டைக்கு நீண்ட மரபு உண்டு. அமெரிக்காவிலேயே வில்லுக்கென்று தனியாக மான் வேட்டைப் பருவம் முதலில் திறந்த மாநிலம் இதுதான், 1934இல். அப்போது இருந்ததெல்லாம் மர வில். இன்றைக்கு நாம் பிடிக்கும் காம்பவுண்ட் வில் மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் பெற்ற கண்டுபிடிப்பு. இரண்டு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்கள், நாணோடு கேபிள்கள், முழுதாக இழுத்தபின் கையில் நிற்கும் பாரம் சட்டென்று குறைவது, எல்லாமே அங்கிருந்து வந்ததுதான். இப்போதைய வில்களில் 80, 85 சதவீதம் வரை பாரம் குறைகிறது. (தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். நான் எழுதுவது உரிமம் எடுத்து, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, அரசு அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் வேட்டையாடும் இந்த ஊர் நடைமுறை பற்றி மட்டும்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேடிசனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், இந்த வருடம்தான் முதன்முதலாகக் காட்டுக்குப் போகப் போகிறார், யாரிடமோ இருந்து பழைய வில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, 335 அடி வேகம்ணே, நல்ல டீல்" என்றார். வில் நல்ல வில்தான். ஆனால் அது அவருக்கான வில்லாக இன்னும் ஆகவில்லை. முந்தைய சொந்தக்காரர் ஆறடிக்கு மேல் உயரமாக இருந்திருப்பார் என்று நாணைப் பார்த்ததுமே தெரிந்தது. இழுநீளம் (நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்பது) 29 அங்குலம், இழுவிசை (இழுக்க வேண்டிய பலம்) 70 பவுண்டு, 365 கிரெய்ன் (அம்பின் எடை அளவு) அம்பு. நாங்கள் கோடை முழுக்க அவ்வப்போது உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்ந்தோம். எதை, ஏன், எந்த வரிசையில் மாற்றினோம் என்பதை எழுதி வைத்தால் பழைய வில் வாங்கும் வேறு யாருக்காவது உதவும்.

எதையும் மாற்றுவதற்கு முன் வில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சுருண்டை ஒன்றை எடுத்து இரண்டு லிம்புகளின் (வில்லின் வளையும் கைகள்) ஓரம், முதுகு, அடிப்பக்கம் எல்லாம் மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத பிளவு இருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டி நிற்கும். அப்படி மாட்டினால் அந்த வில்லை இழுக்கவே கூடாது, நேராகக் கடைக்குத்தான் போக வேண்டும். அடுத்து லிம்பு முனையில் இருக்கும் கேம் சக்கரத்தின் விளிம்பில் நாண் ஓடும் பள்ளத்தை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பது. பிசிறு இருந்தால் நாணை அறுத்துவிடும், அது பெரும்பாலும் யாரோ அம்பு இல்லாமல் நாணை விட்டதன் அடையாளம். அம்பு இல்லாத வில்லில் அத்தனை சக்தியும் போக இடமில்லாமல் லிம்பிலும் கேமிலும் இறங்குகிறது, ஒரே தடவையில் வில் சிதறிப் போகலாம். தம்பியின் வில்லில் லிம்பும் கேமும் சுத்தமாக இருந்தன. நாண் மட்டும் மெழுகு காய்ந்து நரைத்துப் போயிருந்தது, நடுவில் சுற்றியிருக்கும் நூல் இடைவெளி விட்டுப் பிரிய ஆரம்பித்திருந்தது. நாணையும் கேபிள்களையும் புதிதாக மாற்றச் சொல்லிவிட்டேன். அதற்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் வேண்டும், வீட்டில் முயற்சி செய்யும் வேலை இல்லை. பழைய நாணில் டியூன் செய்வதும் (அம்பு நேராகப் போகும்படி வில்லைச் சரிப்படுத்துவது) வீண். நாண் கொஞ்சம் நீண்டாலும் கேம் திரும்பும் நேரம் மாறிவிடும், பார்த்த வேலையை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டி வரும்.

அப்புறம் இழுநீளம். மொத்த வேலையிலும் பலன் அதிகம் தந்தது இதுதான், செலவோ கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, வலுக்கட்டாயமாக நீட்டாமல், நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து 2.5ஆல் வகுத்தால் தோராயமான இழுநீளம் கிடைக்கும். தம்பிக்கு 69 அங்குலம், வகுத்தால் 27.6. அவர் இழுத்துக்கொண்டிருந்ததோ 29. ஒன்றரை அங்குலம் அதிகம் என்றால் சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் அவர் இழுத்து நிற்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் எல்லாமே அங்கே தெரிந்தது: இடுப்புக்கு மேல் உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது, வில் பிடித்த தோள் காதுக்கு அருகில் ஏறியிருக்கிறது, பின்கை தாடையைத் தாண்டிக் காது வரை போயிருக்கிறது, நாண் கன்னத்தில் அழுந்திக் கோடு போட்டிருக்கிறது. முகத்தில் நாண் அழுந்தினால் ஒவ்வொரு அம்பிலும் ஒவ்வொரு அளவு அழுந்தும். அப்படி இருந்தால் 15 கெஜத்தில்கூட அம்புகள் பக்கவாட்டில் பரவும், நாம் குறிபார்க்கும் சைட்டைத் திருகிக்கொண்டே இருப்போம்.

அவர் வில்லின் கேமில் திருகு கழற்றி நகர்த்தக்கூடிய மாட்யூல் இருந்தது. 27.5இல் வைத்தோம். நாண் இப்போது மூக்கு நுனியைத் தொடுகிறது, உதட்டோரத்தை உரசுகிறது, அவ்வளவுதான். தலையை நாணைத் தேடிக் கொண்டுபோக வேண்டியதில்லை, நாண் முகத்தைத் தேடி வந்து நிற்கிறது. இழுநீளம் மாறினால் பீப்பின் (நாணில் பொருத்தி, குறிபார்க்கும்போது கண் வைக்கும் சிறு துளை வளையம்) உயரமும் மாறும். கண்ணை மூடி, இழுத்து, நிலைத்தபின் கண்ணைத் திறந்தால் பீப்பின் துளைக்குள் சைட்டின் வட்டம் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கழுத்தை ஏற்றியோ இறக்கியோ தேடினால் பீப் தவறான இடத்தில் இருக்கிறது. அதோடு அவரது பீப் துளை மிகச் சிறியது, இலக்குப் போட்டிக்கான அளவு. வேட்டையில் மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும்தான், அந்த மங்கல் வெளிச்சத்தில் சின்னத் துளை வழியே பார்த்தால் வெறும் கறுப்புதான் தெரியும். கால் அங்குலத் துளை உள்ளதாக மாற்றினோம்.

இழுவிசை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, இதில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். விஸ்கான்சினில் மான் வேட்டைக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 30 பவுண்டுதான். ஆனாலும் 70 பவுண்டு வில் வைத்திருப்பது இங்கே ஆண்மையின் அளவுகோல் போல ஆகிவிட்டது. கடையில் ஒரு முறை இழுத்துப் பார்த்து "முடியுது" என்று வாங்கிவிடுகிறார்கள். அது சூடான அறை, டி-ஷர்ட், நின்ற நிலை, உடம்பில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. பரணில் நடப்பது வேறு. நான் வைக்கும் சோதனை இது: நாற்காலியில் உட்காருங்கள், குளிர்கால ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள், அம்பைப் பொருத்தி வில்லை இலக்குக்கு நேராக நீட்டி, அங்கிருந்து நகர்த்தாமல் இழுங்கள். அம்பு முனை இலக்கை விட்டு மேலே போகக் கூடாது. இழுத்தபின் அரை நிமிடம் அசையாமல் வைத்திருந்து, அம்பை விடாமல் மெதுவாக இறக்குங்கள். மான் ஒரு அடி எடுத்து வைத்து மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டால் காட்டிலும் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

தம்பி 70இல் முதல் தடவையே வில்லைக் கூரையைப் பார்க்கத் தூக்கினார். லிம்ப் போல்ட்டுகளை மேலும் கீழும் ஒரே அளவு தளர்த்தி (இரண்டும் சமமாகச் சுற்ற வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன சுற்றுகளுக்கு மேல் போகவே கூடாது) 62க்கு வந்ததும் உட்கார்ந்தபடி சத்தமே இல்லாமல் இழுத்தார். 62 பவுண்டில் 80 சதவீதம் குறைந்தால் கையில் நிற்பது 12 பவுண்டு சொச்சம்தான். அங்கேயே நிறுத்திவிட்டோம்.

இனி அம்பு. நிறைய பேர் வில்லுக்கு ஆயிரம் டாலர் கொடுத்துவிட்டு அம்பில் மிச்சம் பிடிப்பார்கள். மானைத் தொடப்போவது அம்பு மட்டும்தானே. வில்லில் அச்சிட்டிருக்கும் அந்த 335 அடி வேகம் எப்படி வருகிறது தெரியுமா? 70 பவுண்டு, 30 அங்குல இழுநீளம், 350 கிரெய்ன் அம்பு, அதாவது ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன். அதைவிட லேசான அம்பை எய்தால் வில்லுக்கே ஆபத்து என்ற விளிம்பில் வைத்து எடுத்த எண் அது. நாணில் பீப், கொக்கி மாட்டும் டி-லூப் கயிறு எதுவும் இருக்காது. நம் கையில் அந்த வேகம் வரவே வராது. தோராயமாக இழுநீளம் ஒரு அங்குலம் குறைந்தால் 10 அடி போகும், அம்பில் 3 கிரெய்ன் கூடினால் ஒரு அடி போகும்.

தம்பி கொண்டுவந்த அம்புகள் 400 ஸ்பைன். ஸ்பைன் என்பது அம்பின் விறைப்பு: 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்து நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வது. 400 என்றால் 0.400 அங்குலம். எண் குறையக் குறைய அம்பு விறைப்பு. 70 பவுண்டுக்கும் அந்த நீளத்துக்கும் 400 மிகவும் தொய்வு. முனையில் எடை கூட்டினாலும், அம்பு நீளமாக இருந்தாலும், கேம் கடுமையானதாக இருந்தாலும் அம்பு இன்னும் தொய்வாக நடந்துகொள்ளும். இதை வயிற்றுவலிக்காரன் நடை மாதிரி பறப்பில் பார்க்கலாம், வால் ஆடிக்கொண்டே போகும்.

புதிதாக 340 ஸ்பைனில், 27.5 அங்குலத்துக்கு வெட்டி, 125 கிரெய்ன் முனையோடு அம்பு கட்டினோம். தண்டு 261 கிரெய்ன், முனை 125, முனையைத் திருகும் இன்சர்ட் 16, பின்னால் நாணில் மாட்டும் நாக் 10, மூன்று இறகும் சேர்த்து 18. கூட்டினால் 430 கிரெய்ன், நம் கணக்கில் 28 கிராம். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 7 கிரெய்ன் வருகிறது. அம்பை விரல் மேல் வைத்து எடை சமநிலைப் புள்ளி கண்டுபிடித்து, அது நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று நீளத்தால் வகுத்தால் 13 சதவீதத்துக்கு மேல். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 வரை என்பது பழக்கமான அளவு, முன்பாரம் இருந்தால் வால் சீக்கிரம் நேராகும். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் எட் ஆஷ்பி அம்பின் ஊடுருவல் பற்றிச் செய்த ஆய்வுகளைப் படித்துவிட்டு 650 கிரெய்ன்தான் வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் பார்த்தது ஆப்பிரிக்க விலங்குகளின் கனத்த எலும்புகள். எல்க், மூஸ் வேட்டைக்குப் போகிறவர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும். வெண்வால் மானுக்கு, அதுவும் 30 கெஜத்துக்குள், அவ்வளவு கனம் வைத்தால் அம்பின் பாதை வளைந்து தூரக் கணிப்பில் சின்னத் தவறுகூடப் பெரிதாகிவிடும் என்பது என் எண்ணம்.

இப்போது கணக்கு. வேகமானியில் எய்து பார்த்தோம். பழைய அமைப்பு 365 கிரெய்ன், நொடிக்கு 308 அடி. புதியது 430 கிரெய்ன், 261 அடி. தம்பியின் முகம் விழுந்துவிட்டது, 47 அடி போச்சே என்று. இயக்க ஆற்றலுக்குச் சூத்திரம் எளிது: எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240ஆல் வகுக்க வேண்டும். பழையது 77 அடி-பவுண்டு, புதியது 65. உந்தம் பார்த்தால், எடையை வேகத்தால் பெருக்கி 225400ஆல் வகுத்தால், பழையது 0.499, புதியது 0.498. ஒன்றேதான். 8 பவுண்டு விட்டுக்கொடுத்து, ஒன்றரை அங்குலம் விட்டுக்கொடுத்து, உந்தத்தில் எதையும் இழக்கவில்லை. ஈஸ்டன் கம்பெனி வெளியிட்டிருக்கும் அட்டவணைப்படி மான் அளவு விலங்குக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு போதும், 42 முதல் 65 வரை எல்க், கரடிக்கானது. தம்பி வேட்டையாடப் போவது மான்.

"ஆனா வேகமா போனா மான் தப்பிக்காதுல்லண்ணே" என்றார். நியாயமான கேள்வி, இதற்கும் கணக்கு போட்டுக் காட்டினேன். 20 கெஜம் என்பது 60 அடி. 308 அடி வேகத்தில் அம்பு 0.195 விநாடியில் போய்ச்சேரும், 261இல் 0.23. வித்தியாசம் ஒரு விநாடியில் நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. நாண் விட்ட சத்தமோ குளிர்காற்றில் நொடிக்குச் சுமார் 1090 அடி போகிறது, 0.055 விநாடியில் மானின் காதுக்குப் போய்விடும். எந்த வில்லாலும் சத்தத்தை முந்த முடியாது. சத்தம் கேட்ட மான் ஓடுவதற்காக முதலில் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்துகிறது, அப்போது அம்பு முதுகுக்கு மேலே போகிறது. வெறும் ஈர்ப்புவிசையில் விழுந்தாலே 0.2 விநாடியில் ஒரு பொருள் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். 20 கெஜத்தில் மானுக்கு எதிர்வினை செய்ய நேரம் குறைவு, 40 கெஜத்தில் தாராளமாக இருக்கிறது, அந்தத் தூரத்தில் 308 அடியும் காப்பாற்றாது. ஆகவே செய்ய வேண்டியது இரண்டு: கிட்டத்தில் எய்வது, வில்லின் சத்தத்தைக் குறைப்பது. கனமான அம்பு இரண்டாவதில் தானாகவே உதவுகிறது, ஏனென்றால் வில்லின் சக்தியில் கூடுதல் பங்கு அம்புக்குப் போகிறது, அதிர்வாக மிஞ்சுவது குறைகிறது. 365 கிரெய்னில் "டங்" என்றிருந்த வில் 430இல் அடங்கிய "தப்" என்றாகிவிட்டது. தம்பி அதைக் காதால் கேட்டபிறகு வேகத்தைப் பற்றிப் பேசவில்லை.

மீதிச் சத்தத்தை ஒவ்வொன்றாகத் தேடினோம். விரல் முட்டியால் வில்லின் ஒவ்வொரு பாகத்தையும் தட்டிக்கொண்டே போனால் தளர்ந்திருப்பது கலகலக்கும். தூணியைப் பிடித்திருக்கும் திருகு, சைட் பின் கூண்டு, கேபிள் நகர்வைப் பிடித்து வைக்கும் உருளை. எய்யும் சத்தத்தை எல்லாரும் கவனிக்கிறார்கள், இழுக்கும் சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை. காற்றில்லாத காலையில் கார்பன் தண்டு அம்பைத் தாங்கும் உலோக ரெஸ்ட்டில் உரசும் சின்னக் கிறீச்சுக்கே மான் தலையைத் தூக்கிவிடும். ரெஸ்ட்டின் தொடும் இடத்திலும், அம்பு தவறி விழுந்தால் படும் ரைசர் (வில்லின் நடுச்சட்டம்) மேடையிலும் ஒட்டும் ஃபெல்ட் துணி வெட்டி ஒட்டினோம். சில டாலர் சமாச்சாரம்.

டியூனிங் பற்றி நிறைய எழுதலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் இரண்டு கேமும் ஒரே நேரத்தில் நிறுத்தத்தைத் தொடுகின்றனவா என்று இன்னொருவரைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று முந்தினால் அம்பின் வால் மேலோ கீழோ தள்ளப்படும், ரெஸ்ட்டை எவ்வளவு நகர்த்தினாலும் சரியாகாது. அப்புறம் சட்டத்தில் தாளை இறுக்கி ஒட்டி, ஆறேழு அடி தூரத்தில் நின்று அதன் வழியே எய்வது. முனை போட்ட ஓட்டையும் இறகு கிழித்த கோடுகளும் ஒரே மையத்தில் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. வால் மேலே கிழித்திருந்தால் ரெஸ்ட்டை ஏற்ற வேண்டும் அல்லது நாக் புள்ளியை இறக்க வேண்டும், கீழே கிழித்திருந்தால் நேர்மாறு. பக்கவாட்டுக் கிழிசல் வந்தால் ரெஸ்ட்டைத் தொடும் முன் கைப்பிடியைப் பாருங்கள். வில்லை இறுக்கிப் பிடித்து முறுக்கினால் தாள் அதைத்தான் காட்டும். உள்ளங்கையின் ஆயுள்ரேகைக்குக் கட்டைவிரல் பக்கம் மட்டும் வில் உட்கார்ந்து, மற்ற விரல்கள் தளர்வாக இருக்க வேண்டும்.

தாளில் நல்ல ஓட்டை வந்தது என்று அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. பிராட்ஹெட் (பிளேடு வைத்த வேட்டை முனை) போட்டு எய்து பார்க்கும்போதுதான் உண்மை வெளியே வரும். நிலையான பிளேடு உள்ள பிராட்ஹெட் முன்னால் இருக்கும் சிறகு போல, அம்பு கொஞ்சம் கோணினாலும் காற்றைப் பிடித்துத் திரும்பிவிடும். 20 கெஜத்தில் ஃபீல்டு பாயின்ட் (பயிற்சிக்கான சாதாரண முனை) ஒன்று, பிராட்ஹெட் ஒன்று, இரண்டையும் ஒரே இடத்துக்குக் குறிவைத்து எய்யுங்கள். பிராட்ஹெட் இடதுபக்கம் விழுந்தால் ரெஸ்ட்டை மிகக் கொஞ்சம் வலதுபக்கம் நகர்த்துங்கள், அதாவது பிராட்ஹெட்டை ஃபீல்டு பாயின்ட் இருக்கும் பக்கம் இழுத்துக்கொண்டு போவது. இரண்டும் சேர்ந்தபிறகு 30, 40 என்று பின்னால் போங்கள். தம்பி வில்லில் 20இல் நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது, ரெஸ்ட்டை கண்ணுக்கே தெரியாத அளவு இரண்டு மூன்று முறை தட்டி நகர்த்தியதில் 40இல் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுத வேண்டும். விரியும் பிளேடு பிராட்ஹெட் வாங்கினால் டியூன் செய்யவே தேவையில்லை என்று கடையில் சொல்வார்கள். அது கோணலை மறைக்கிறது, கோணலாகப் போய்ப் படும் அம்பு ஆழமாக ஊடுருவாது. எந்த பிளேடு என்றாலும் காட்டுக்குக் கொண்டுபோவது புதுக் கூர்மையோடு இருக்க வேண்டும், பயிற்சியில் ஒரு முறை எய்ததைத் தூணியில் அப்படியே வைக்கக் கூடாது. விஸ்கான்சினில் பிராட்ஹெட் அகலம் முக்கால் அங்குலத்துக்கும் மேல், 7/8 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பதும் விதி.

பரணின் உயரத்துக்கு எவ்வளவு தாழ்த்திக் குறிவைக்க வேண்டும் என்று தம்பி கவலைப்பட்டார். 18 அடி உயரப் பரண், தரையில் 20 கெஜம். பிதாகரஸ் கணக்குப்படி சாய்தூரம் 62.6 அடி, தரைத்தூரம் 60. ஒரு கெஜம்கூட வித்தியாசம் இல்லை. அம்பு தவறிப் போவதற்குக் காரணம் உயரம் இல்லை, நாம் கையை மட்டும் கீழே இறக்கி எய்வது. தோளும் கையும் சேர்ந்த அந்த டி வடிவம் உடைந்தால் இழுநீளம், முகத்தில் நாண் படும் இடம், எல்லாமே மாறிவிடும். நேராக இழுத்துவிட்டு இடுப்பில் மடங்க வேண்டும், பாதுகாப்புப் பட்டையில் சாய்ந்து பழகினால் இது எளிது. சைட்டின் மூன்றாம் அச்சு (கூண்டு கதவு போலத் திரும்பும் கோணம்) கோணலாக இருந்தாலும் சமதரையில் தெரியாது, கீழ்நோக்கி எய்யும்போதுதான் நீர்மட்டக் குமிழி பொய் சொல்லி அம்பு பக்கவாட்டில் விலகும். சுவரில் தூக்குக்குண்டுக் கயிறு தொங்கவிட்டு, வில்லைக் கயிற்றுக்கு நேராக வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்துக் குமிழி நகர்கிறதா என்று பாருங்கள். தம்பியுடையதில் நகர்ந்தது, திருகிச் சரிசெய்தோம். உண்மையில் உயரத்தால் வரும் சிக்கல் வேறு: மான் பரணுக்கு மிக அருகில், கிட்டத்தட்டக் காலடியில் வந்தால் கோணம் செங்குத்தாகி, அம்பு ஒரே நுரையீரலை மட்டும் துளைக்கும். அந்த மான் உடனே சாகாது, வெகுதூரம் போய்க் கஷ்டப்படும். அது நகர்ந்து பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், நிற்காவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு எவ்வளவு தூரம் வரை எய்யலாம் என்பதை எப்படி முடிவு செய்வது? சூடேறியபின் எய்யும் பத்தாவது அம்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: வேலைக்குக் கிளம்பும் முன் ஜாக்கெட், கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்தில் ஒரே ஒரு அம்பு, பிராட்ஹெட்டோடு, ஆறு அங்குலத் தட்டில். முன்னோட்டம் கிடையாது, இரண்டாவது அம்பு கிடையாது. (வீட்டுக்கொல்லையில் எய்ய உங்கள் ஊரில் அனுமதி இருக்கிறதா, அம்புக்குப் பின்னால் பாதுகாப்பான தடுப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) அந்த ஒற்றை அம்பு எந்தத் தூரம் வரை தட்டைத் தவறவிடாமல் இருக்கிறதோ அதுதான் அவருடைய தூரம். இப்போதைக்கு அவருக்கு அது 25 கெஜம். கையுறையோடு எய்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மணிக்கட்டில் கட்டி நாணைப் பிடித்து விடும் ரிலீஸின் ட்ரிகர் தடித்த துணிக்குள் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை, அவர் எதிர்பார்க்கும் முன்பே நாண் போய்விட்டது. மெல்லிய கையுறையும், காத்திருக்கும்போது கையை நுழைத்துக்கொள்ள இடுப்பில் ஒரு சூட்டுப்பையும் என்று முடிவாயிற்று.

கடைசியாகச் செய்தது, எல்லாம் சரியாக நின்றபின், வெள்ளி மை பேனாவால் அடையாளம் போடுவது. லிம்ப் போல்ட்டில் ஒரு கோடு, மாட்யூல் திருகில் ஒரு கோடு, ரெஸ்ட்டின் இரண்டு திருகுகளிலும், சைட்டின் கூண்டிலும். நாணில் பீப்புக்கு மேலும் கீழும் நூல் முடிச்சு. அச்சிலிருந்து அச்சு வரை உள்ள நீளம், பிடியிலிருந்து நாண் வரை உள்ள இடைவெளி, நாக் புள்ளியிலிருந்து பீப் வரை உள்ள தூரம், இந்த மூன்றையும் அளந்து ஒரு அட்டையில் எழுதி வில்பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறார். புது நாண் முதல் நூறு இருநூறு அம்புகளில் கொஞ்சம் நீளும், அதனால் ஆகஸ்ட் கடைசியில் அந்த மூன்று அளவையும் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று மாறியிருந்தாலும் கேம் நேரத்தைப் பார்த்துவிட்டு பிராட்ஹெட் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பருவம் செப்டம்பர் நடுவில் திறக்கிறது, அதற்கு இரண்டு வாரம் போதும்.